இரண்டு விரற்கடை

துவாய் இரண்டு விரற்கடை அளவு வெளியே வந்திருந்தது.

காலை ஐந்தே முக்காலுக்குச் சமையலறை விளக்கைப் போட்டதும் யசோதா கண்டது அதைத்தான். அடுப்புத் திட்டுக்கு மேலே, அலுமினியப் பானைகளை அவள் அளவு வாரியாக அடுக்கி வைத்திருக்கும் தட்டின் பின்புறம், சுவரில் ஒரு சாண் சதுரமான துவாரம் ஒன்று உண்டு. அதற்கு அப்பால் கராஜ். ஏறக்குறைய ஆறு மாதங்களாக அந்தத் துவாரத்தில் முகம் துடைக்கும் பழைய நீலத் துவாய் ஒன்று இறுக்கி அடைக்கப்பட்டிருந்தது. சுவரின் பரப்புக்குச் சமமாக, ஒரு மடிப்பும் துருத்தாமல், அவளுடைய கையாலேயே அடைக்கப்பட்டிருந்தது. இன்று அது பிதுங்கி, பெரிய பானையைத் தட்டின் விளிம்புவரை நகர்த்தியிருந்தது.

அவள் பானையை எடுத்துக் கீழே வைத்தாள். உள்ளங்கையைத் துவாயின்மேல் விரித்து அழுத்தினாள். அது எதிர்க்கவில்லை; மெத்தையைப் போல அமுங்கி உள்ளே போயிற்று. கையில் இலேசான ஈரம் ஒட்டியது. சவர்க்காரம் போட்டு இருமுறை கழுவினாள். பானையை அதன் இடத்தில் வைத்து, கைப்பிடிகள் எல்லாம் ஒரே திசையை நோக்கும்படி திருப்பினாள். அச்சம் வந்திருக்க வேண்டிய இடத்தில் அவளுக்கு வந்தது அந்த ஒழுங்கு மட்டுமே. கணவர் மோகனராஜ் இறந்த நாளிலிருந்து அப்படித்தான். உள்ளே ஏதோ ஒரு பகுதி மரத்துப்போயிருந்தது. அது எந்தப் பகுதி என்று தடவிப் பார்க்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

எலியாக இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டு, அலுவலகத்துக்குப் போக ஏழு மணிப் பேருந்தைப் பிடித்தாள்.

வீடு அம்பிட்டிய வீதியின் சரிவில் இருந்தது. வீதி மட்டத்தில் கராஜ். அதன் முதுகில் ஒட்டியபடி சமையலறை. வீட்டின் நடையிலிருந்து கராஜுக்குள் போக ஒரு சிறிய மரக்கதவு. வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மழைக்காக ஷட்டரை இறக்கிவிட்டு வேலை செய்துகொண்டிருந்த மோகனராஜ், எஞ்சின் புகையில் மூச்சடைத்து அங்கே இறந்தார். புகையை வெளியே கொண்டுபோவதற்காக மாட்டியிருந்த நீண்ட குழாய் கழன்று கிடந்தது என்று விசாரணையில் எழுதினார்கள். நட்சத்திரம் சதயம். நாள் பார்த்த குருக்கள் ஆறு மாத அடைப்பு என்றார். உயிர் பிரிந்த இடத்தைப் பூட்டிவிட வேண்டும். பொழுது படும்போது கதவடியில் விளக்கு வைக்க வேண்டும். ஆறு மாதம் கழிந்து சாந்தி செய்த பிறகே திறக்கலாம். அதுவரை ஒரு துவாரமும் திறந்திருக்கக் கூடாது.

"எல்லாம் அடைச்சாச்சு, ஐயா," என்றாள் யசோதா.

அது பொய்யன்று. துவாரம் அப்போது அடைபட்டுத்தான் இருந்தது. எப்போது அடைக்கப்பட்டது என்று எவரும் கேட்கவில்லை. மோகனராஜின் தம்பி கிருஷ்ணராஜ், மழைநீர் புகாதிருக்க ஷட்டரின் அடியில் மணல் மூட்டைகளை நெருக்கி வைத்துப் பூட்டினான். மரக்கதவையும் பூட்டி, இரண்டு சாவிகளையும் தன்னோடு எடுத்துச் சென்றான்.

உள்ளே நின்றது திகன ஊர் வாடிக்கையாளன் அகீலின் வெள்ளைக் கார்.

கார் எஞ்சின்களைப் பிரித்து, கூடுதல் வலுவோடு மாற்றி அமைப்பதுதான் மோகனராஜின் தொழில். அகீலின் காரில் பெரிய டர்போ ஒன்றைப் பூட்டியிருந்தார். டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும், வலு இரட்டிப்பாகும். அதன் தொல்லையும் இரட்டிப்பாகும் என்பதை யசோதா அறிவாள். டோர்ச் பிடிக்க அவளைத்தான் அவர் அழைப்பார். அவளுடைய கை ஆடாது.

"எஞ்சினுக்கும் மூச்சு உண்டு, யசோ," என்று ஒரு முறை பானட்டுக்குள் தலையை வைத்தபடியே சொன்னார். "மேல வெடிக்கிறது அத்தனையும் மேலயே நிக்காது. கொஞ்சம் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி நழுவி, எண்ணெய் கிடக்கிற அடிவயித்துக்குப் போயிரும். அது வெளிய வர்றதுக்கு ஒரு வழி விடணும்."

"விடலேன்னா?"

"விடலேன்னா அதுவே ஒரு வழி பண்ணிக்கும். சீலைப் பிய்க்கும். எண்ணெய் அளக்கிற குச்சியை வெளிய துப்பும். அடைச்சா அடங்கிற சாமான் இல்ல அது."

கம்பனி வைத்த சிறிய வால்வு அந்த அழுத்தத்துக்குப் போதாது என்று, எஞ்சினின் மேல்மூடியிலிருந்து இரண்டு தடித்த ஹோஸ்களை இழுத்து, உள்ளே கம்பிவலை வைத்த ஓர் அலுமினிய டப்பாவில் சேர்த்திருந்தார். ஆவி டப்பாவுக்குள் வந்து வலையில் மோதும். எண்ணெய் கீழே தங்கும். கண்டியின் குளிருக்கு எண்ணெய் மட்டும் தங்குவதில்லை. ஆவியிலிருக்கும் நீரும் சேர்ந்து, பாலாடை போன்ற வெளிர்மஞ்சள் களிம்பாகத் திரளும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அதை வடித்து அளப்பார்கள். அளவைக் கொப்பியில் எழுதுவது யசோதாவின் வேலை. திகதி, தூரம், மழையா வெயிலா, எத்தனை மில்லிலீற்றர்: நான்கு பத்திகள், சிவப்பு மையில் கோடு. மோகனராஜின் கையெழுத்தில் ஏழும் ஒன்றும் ஒன்றுபோலவே இருக்கும். அவள் அதைச் சகிக்கமாட்டாள்.

இன்னொரு சோதனையும் இருந்தது. மருந்துக்கடையில் வாங்கிய மெல்லிய றப்பர் கையுறையை எண்ணெய் ஊற்றும் வாயில் மாட்டி, நூலால் கட்டிவிட்டு, எஞ்சினை ஓடவிடுவார். மூச்சு ஒழுங்காகப் போய்வந்தால் கையுறை வாடித் தொங்கும். அழுத்தம் ஏறினால் ஒவ்வொரு விரலாக நிமிர்ந்து, உள்ளங்கை புடைத்து, எழுந்து நிற்கும். மோகனராஜின் வலது மோதிர விரலின் நுனியை எப்போதோ ஒரு விசிறிப் பட்டி கொண்டுபோயிருந்தது. கையுறை முதன்முறை எழுந்து நின்றபோது, தம் கையை அதன் பக்கத்தில் நீட்டி, "பாரு, அஞ்சும் முழுசா இருக்கு. இனி இதையே வேலைக்கு வச்சுக்கலாம்," என்றார். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

அந்தத் துவாரம் தேநீருக்கானது. சுவரில் ஸ்பானரால் மூன்று முறை தட்டுவார். அவள் சாயத்தேநீரைக் கண்ணாடிக் கிளாசில் ஊற்றித் துவாரத்தில் வைப்பாள். மறுபக்கத்திலிருந்து ஒரு கை வரும், எண்ணெய்க் கறுப்போடு, உள்ளங்கை மேல்நோக்கி. முகம் வராது, கை மட்டுமே வரும். தேநீர் கேட்க அவர் மறந்திருந்தால், அவளே இந்தப் பக்கத்திலிருந்து அகப்பையால் மூன்று தட்டுவாள். அதற்கும் அதே பொருள்தான்: தேநீர். கிருஷ்ணராஜ் அதை வைத்துக் கேலி செய்வான். "தபால் கந்தோர்ல முத்திரை வாங்கிற மாதிரி டீ வாங்கிற புருசனை நான் இங்கதான் பார்த்தேன், அண்ணி."

அன்று மாலை, பொழுது படும் நேரம், அவள் நடையில் கதவடியில் விளக்கை ஏற்றினாள். வெளியே ஹந்தானை மலைப் பக்கமிருந்து மழை இறங்கிக்கொண்டிருந்தது, சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன, திரைச்சீலை அசையவில்லை. சுடர் நேராக எழுந்தது. பிறகு, யாரோ அதை நோக்கிக் குனிந்து மெதுவாக மூச்சு விட்டதைப் போல, கதவின் கீழ் இடுக்கிலிருந்து விலகி அவளை நோக்கிச் சாய்ந்தது. சாய்ந்தபடியே நின்றது. அவள் எண்ணினாள், நான்குவரை எண்ணியபோது நிமிர்ந்தது. மீண்டும் நான்கு எண்ணும்வரை கதவின் பக்கமாகச் சாய்ந்தது. நிமிர்ந்தது. அவளை நோக்கிச் சாய்ந்தது. எரிந்த நல்லெண்ணெயின் மணத்துக்கு அடியில் இன்னொரு மணம் இருந்தது. பெற்றோலும் அன்று, எஞ்சின் எண்ணெயும் அன்று. நெடுநேரம் திறவாத வாய் முதலில் திறக்கும்போது வருவது.

ஷட்டரின் அடியில் மணல் மூட்டைகள். துவாரத்தில் துவாய். கார் ஆறு மாதமாக ஓடவில்லை. காற்று வருவதற்கு அங்கே காற்றே இல்லை.

அவள் எழுந்துபோய் இரவுச் சாப்பாட்டுக்குப் பருப்பைக் கழுவினாள்.

மறுநாளும் துவாய் இரண்டு விரற்கடை வந்திருந்தது. அதற்கு மறுநாளும். ஒவ்வொரு காலையும் அவள் அதை உள்ளே தள்ளினாள். நான்காம் நாள் அதன் கீழ் விளிம்பிலிருந்து ஏதோ சொட்டி, சின்னப் பானையின் மூடியில் திரண்டிருந்தது. விரலால் தொட்டாள். வெளிர்மஞ்சள். பாலாடை போன்றது. அலுமினிய டப்பாவிலிருந்து நூறு முறை வடித்து அளந்த அதே களிம்பு. அவள் தட்டின்மேல் ஒரு பீங்கான் கோப்பையை வைத்தாள். மாலையில் அதில் சேர்ந்திருந்ததை மோகனராஜின் அளவுக் குவளையில் ஊற்றி, கண் மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்தாள். அலுமாரியிலிருந்து கொப்பியை எடுத்து, கடைசி வரியின் கீழே எழுதினாள். திகதி. தூரம் என்ற பத்தியில் ஒரு சிறு கோடு. மழை. பதினெட்டு மில்லிலீற்றர்.

அடுத்த நாள் இருபத்தாறு. அதற்கடுத்த நாள் நாற்பது.

ஏன் எழுதுகிறாள் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. எழுதியது நேராக இருந்தது, அது போதும். ஆனால் நாற்பது என்று எழுதிய இரவில் காதுகள் இரண்டும் அடைத்துக்கொண்டன, கடுகண்ணாவை இறக்கத்தில் பேருந்து இறங்கும்போது அடைப்பதைப் போல. எச்சிலை விழுங்கியபோது திறந்தன. திறந்ததும் கேட்டது, சுவருக்கு அப்பால், தாழ்வாக, இழுத்து, விட்டு, இழுத்து.

கிருஷ்ணராஜும் அகீலும் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அகீல் கையில் ஒரு பை அன்னாசியுடன் வாசலிலேயே நின்றான்.

"உள்ளுக்கு வா, தம்பி. கதிரை இருக்குது தானே," என்றாள் யசோதா.

"அக்கா, நான் ஒண்டும் அவசரப்படுத்த வரல்ல," என்று அவன் அமர்ந்ததும் தொடங்கினான். "மோகனராஜ் பாஸ்ட காரியத்துக்கு நானும் வந்தேன் தானே. ஆறு மாசம் எண்டு சொன்னீங்க, சரி எண்டேன். ஆனா ஸ்டார்ட் பண்ணாத எஞ்சின் அக்கா. இந்த மழைக்கு உள்ளுக்கெல்லாம் தண்ணி கோத்தீக்கும்."

கிருஷ்ணராஜ் சிரித்தான். "இந்த அக்கறை படிப்பு மேல இருந்திருந்தா, இந்நேரம் நீ டொக்டர்."

"டொக்டரா இருந்தா இதை விடப் பெரிய டர்போ போட்டீப்பன், அண்ணன்."

"அண்ணி, குருக்கள் வெள்ளிக்கிழமைன்னு சொல்லிட்டாரு," என்றான் கிருஷ்ணராஜ், குரலைத் தணித்து. "காலையில சாந்தி. அது முடிஞ்சதும் திறந்திடுவோம். உள்ள எல்லாத்தையும் கழுவி, சுண்ணாம்பு அடிச்சுக் குடுத்திடுறேன். அண்ணன் சாமான் ஒவ்வொண்ணையும் நானே கையால எடுத்து வைக்கிறேன். நீங்க உள்ள வரவேணாம்."

"ஒவ்வொண்ணையும்?"

"ஒரு ஆணியை விடமாட்டேன்."

அவள் தலையசைத்தாள். தேநீர் போடுவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் போனாள். துவாய் மூன்று விரற்கடை வெளியே நின்றது. காலையில்தான் தள்ளியிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமையை அவள் ஒரு நாளும் நினைப்பதில்லை. அது தானாகவே, அலுவலகத்தில் கோவைகளை அடுக்கும்போது ஒரு தாள் நழுவி விழுவதைப் போல, முன்னால் வந்து விழும். மூன்று நாட்களாக அவர் ஹோஸ்களை டப்பாவில் மாட்டாமல் வெளியே தொங்கவிட்டு, ஆவி எவ்வளவு வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். எரிந்த எண்ணெயின் நாற்றம் துவாரத்தின் வழியே வந்து, கழுவிய துணியில், சோற்றில், சாமிப் படத்துக்கு வைத்த பூவில் ஏறியது. இரண்டு முறை சொன்னாள். வெள்ளிக்கிழமை மாலை மூன்றாம் முறை சொல்லாமல், துவாயை எடுத்துத் துவாரத்தை அடைத்தாள். விளக்கேற்றினாள். சுவருக்கு அப்பால் எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று தட்டல் கேட்டது.

காத்திருக்கட்டும் என்று நினைத்தாள். இஸ்திரிப்பெட்டி சூடாகியிருந்தது; திங்கட்கிழமைச் சேலையின் மடிப்பைத் தேய்க்கத் தொடங்கினாள். மீண்டும் மூன்று. இம்முறை இடைவெளி ஒழுங்காக இல்லை. பிறகு துவாய் அசைந்தது. மறுபக்கத்திலிருந்து யாரோ தள்ள, அது இரண்டு விரற்கடை வெளியே வந்தது. விளையாடுகிறார் என்று எண்ணினாள். கோபத்தோடு உள்ளங்கையை வைத்து, அதைத் திரும்ப உள்ளே தள்ளினாள்.

அதன் பிறகு தட்டல் இல்லை. சேலை முடிந்தது. இரண்டு இரவிக்கைகளும் முடிந்தன. இருபது நிமிடம் கழித்துத் தேநீரை எடுத்துக்கொண்டு நடைக்கதவைத் திறந்தபோது, அவர் துவாரத்தின் நேர் கீழே, சுவரில் கன்னம் சாய்த்துக் கிடந்தார். நடைவரை இழுத்து வந்தவள் அவளே. பக்கத்து வீட்டிலிருந்து கிருஷ்ணராஜ் ஓடிவந்து சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான். புகையிலும் இருட்டிலும் அவன் துவாரத்தின் பக்கம் பார்க்கவில்லை. கையுறை எண்ணெய் வாயில் கட்டியபடியே இருந்தது. அன்றே பூட்டினார்கள்.

துவாயின் மறுபக்கத்தில் அவருடைய விரல்கள் பதிந்திருக்கும். எண்ணெய்க் கறுப்பில் நான்கு முழு விரல்; ஒன்று குறை. குருக்கள் சொன்னதற்காகப் பிறகு அடைத்தேன் என்று எதைப் பற்றியும் சொல்லலாம். அந்த ஐந்து அடையாளங்களைப் பற்றிச் சொல்ல முடியாது. கிருஷ்ணராஜ் பகல் வெளிச்சத்தில் உள்ளே போய், சுவரில் கையை வைத்தால், கண்டுவிடுவான். உலகத்தில் அவளை அண்ணி என்று அழைப்பவன் அவன் ஒருவனே.

வெள்ளிக்கிழமைக்குள் துவாயை உருவி எரித்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் உருவினால், ஆறு மாதமாக அந்த அறைக்குள் இருப்பது வெளியே வரும் வழி அவளுடைய சமையலறையாக இருக்கும்.

திங்கள், ஐம்பத்தைந்து. செவ்வாய், எழுபது. புதன்கிழமை கோப்பை நிரம்பி வழிந்து, திட்டில் வரிக்கோடாக ஓடியிருந்தது. அதை அளக்க முடியாததால், கொப்பியில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டாள். அவள் எழுதிய பக்கங்களில் வெறுமையான கட்டம் அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை மாலை கதிரையில் ஏறி நின்று, பானைகளை இறக்கிவிட்டு, துவாயின் நுனியைப் பற்றினாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. சற்று முன் ஒருவர் முகம் துடைத்ததைப் போல. இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள். நின்றது. பிறகு, மிகவும் மெதுவாக, மறுபக்கத்திலிருந்து இழுபட்டது.

கையை விட்டாள்.

கதிரையைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள். அன்றிரவு கூடத்தில் விளக்கை எரியவிட்டு, நாளைக்கு உடுக்க வேண்டிய சேலையை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தாள். வீட்டின் கதவுகள் ஒவ்வொன்றும் தத்தம் நிலைகளில் இலேசாக முறுகின. குளியலறை நீர்க்குழியில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது. இன்னொன்று. அது வழி தேடுகிறது என்று அவள் உணர்ந்தாள். உணர்ந்தபோதும், ஊசி போட்ட கன்னத்தைத் தொடுவதைப் போலத்தான் இருந்தது.

காலையில் குருக்கள் வந்தார், புகை எழுந்தது, மந்திரம் முடிந்தது, தட்சிணை வாங்கிக்கொண்டு, மழைக்கு முன் போய்விட வேண்டும் என்று புறப்பட்டார். மழை அவருக்கு முன்பே வந்துவிட்டது. நடைக்கதவின் பூட்டு துருவேறித் திறக்க மறுக்கவே, கிருஷ்ணராஜும் அகீலும் குடையோடு வீதிப் பக்கம் சுற்றிப் போனார்கள். மணல் மூட்டைகள் இழுபடும் ஓசை கேட்டது.

"நான் டீ போடுறேன்," என்று யசோதா அவர்கள் பின்னால் சொன்னாள்.

சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்நோக்கித் திறக்கும் கதவு. மழையில் ஊறித் தடித்திருந்தது. தோளால் தள்ளித் தாழ்ப்பாளையும் போட்டாள். பக்கத்து வீட்டார் பார்க்கக்கூடாதென்று சன்னலையும் இழுத்துக் கொளுவினாள். அடுப்பில் கேத்தலை வைத்தாள். சுவருக்கு அப்பால் ஷட்டர் ஒரு முறை குலுங்கி நின்றது.

"இறுகிட்டுதடா. தூக்கு. இடுப்பை வளைச்சுத் தூக்கு."

"எனக்கு இன்னும் கலியாணம் ஆகல்ல, அண்ணன். இடுப்பு வேணும்."

அவள் கதிரையில் ஏறினாள். இரண்டு கைகளாலும் பற்றினாள். ஷட்டர் மறுபடியும் குலுங்கியது. இழுத்தாள். துவாய் கனமாக, ஈரமாக, வெதுவெதுப்பாக, முழங்கை நீளம் வந்தது. இன்னும் வந்தது. எதிர்ப்பு இல்லை. அவள் எண்ணியதைவிட எளிதாக, கடைசி நுனிவரை வழுக்கிக்கொண்டு வந்து, கைகளில் விழுந்தது.

விரித்தாள். களிம்பில் ஊறிய நீலத்தின் நடுவில் கறுப்பாக ஐந்து அடையாளங்கள். மோதிர விரல் குறை. அவள் கணித்தது சரியாகவே இருந்தது.

ஷட்டர் ஓலமிட்டுக்கொண்டு மேலே ஏறியது.

துவாயைச் சுருட்டி அடுப்பின் கீழே வைத்தாள். முடிந்தது. இனித் துவாரத்தின் வழியே பகல் வெளிச்சம் வர வேண்டும். நிமிர்ந்து பார்த்தாள்.

வெளிச்சம் வரவில்லை.

"அல்லாஹ், கார் அப்படியே ஈக்கி," என்றது அகீலின் குரல், தலையணைக்குள் பேசுவதைப் போல மங்கலாக. "ஒரு துருவும் இல்ல. பாருங்களே, சூடா ஈக்கி."

"பானட்ல கையை வைக்காத. நில்லு... அண்ணன் கட்டின கையுறை எங்க? நூல் மட்டும் இருக்குது."

"எலி கொண்டுபோயிருக்கும்."

காலடிகள். நின்றன. சுவரின் நேர் மறுபக்கத்தில்.

"அண்ணி," என்று கூப்பிட்டான் கிருஷ்ணராஜ். "இந்த டீ ஓட்டையை எதாலயோ அடைச்சிருக்கு. இந்தப் பக்கத்தால வரமாட்டேங்குது. உங்க பக்கம் இருந்து இழுங்க."

துவாய் அவளுடைய காலடியில் கிடந்தது.

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். காற்று வெளியே போகவில்லை, உள்ளேயும் வரவில்லை. காதுகள் அடைத்தன. விழுங்கினாள், திறக்கவில்லை. அடுப்புச் சுடர் நீலத்திலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து சிவப்பாகி, துவாரத்தை நோக்கித் தாழ்ந்து வளைந்தது. கதிரையிலிருந்து இறங்கினாள். தாழ்ப்பாளை நீக்கினாள். கதவை இழுத்தாள். சுவரை இழுப்பதைப் போலிருந்தது. ஒரு காலை நிலையில் ஊன்றி இழுத்தாள். அசையவில்லை. சன்னல் கொளுக்கி. கை எட்டியது. விரல்கள் அதைப் பற்ற மறுத்தன. மரத்துப்போயிருந்தன. இப்போது எல்லாமே மரத்துப்போயிருந்தது.

திட்டின்மேல் அகப்பை கிடந்தது.

எடுத்தாள். சுவரில் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

மறுபக்கத்தில் கிருஷ்ணராஜ் சிரித்தான்; ஆறு மாதத்தில் அவன் அப்படிச் சிரித்ததில்லை.

"கேட்டியா, அகீல்? அண்ணன் வீட்டு மணி. டீ ரெடியாம்." குரலை உயர்த்தினான். "அவசரமில்ல, அண்ணி. மெதுவா கொண்டு வாங்க. நாங்க காரை வெளிய தள்ளிக்கிட்டு வாறோம்."

மீண்டும் தட்டினாள். மூன்று. இடைவெளி ஒழுங்காக வரவில்லை.

"சரி சரி, கேட்டுது, அண்ணி."

சக்கரங்கள் உருண்டன. குரல்கள் மழைக்குள் விலகின. அகப்பை விழுந்தது. முழங்கால்கள் மடிந்தன. கன்னம் சுவரில் பட்டது. சுவர் குளிராக இருந்தது. அவள் மேலே பார்த்தாள்.

துவாரத்திலிருந்து அது வந்துகொண்டிருந்தது, வெண்மையாக, மெல்லியதாக, ஒவ்வொரு விரலாக நிமிர்ந்து. மோதிர விரலின் நுனி மட்டும் காற்றேறாமல் மடிந்து தொங்கியது. கேத்தல் கொதிக்கத் தொடங்கியது. உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, புடைத்து, வாடி, மறுபடியும் புடைத்து, அது தேநீருக்காகக் காத்திருந்தது.